கூட வந்தவர்

எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால் முதலில் தேடுவது மாத்திரையை அல்ல, என் அண்ணனை. வேலை பார்த்த மில் மூடிய பிறகு அப்பா இருமி இருமிப் படுத்துக்கொண்டபோதும், அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோதும், சித்தப்பா சர்க்கரைப் புண்ணோடு காலை இழுத்துக்கொண்டு வந்தபோதும், என் இரண்டு பிரசவத்தின்போதும், ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர் அண்ணன்தான். என் வீட்டுக்காரர் இரண்டு தடவையும் வெளியே டீக்கடையில் நின்றார். ரத்தம் என்றால் அவருக்குத் தலை சுற்றுமாம். எனக்கு மட்டும் சுற்றாது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

இதற்கென்றே அண்ணனிடம் ஒரு வயர் கூடை இருந்தது. பச்சை வயரில் பின்னியது. ஒரு கைப்பிடி அறுந்து துணி சுற்றியிருக்கும். உள்ளே பிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர், போர்வை, லுங்கி, சீப்பு, தரையில் விரித்துப் படுக்கப் பழைய செய்தித்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அது எப்போதும் தயாராகத் தொங்கும். யாராவது போன் செய்தால் போதும், சேதராப்பட்டில் கம்பெனி ஷிப்டில் இருந்தாலும் கூட வேலை செய்கிறவர் யாரையாவது கெஞ்சி நிறுத்திவிட்டுக் கிளம்பி வந்துவிடுவார். எந்த வாசலில் போனால் ஸ்ட்ரெச்சர் சீக்கிரம் கிடைக்கும், எந்த வார்டில் கொசு அதிகம், எந்தக் கடையில் முகம் சுளிக்காமல் வெந்நீர் கொடுப்பார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவரிடம் ஒரே ஒரு தொந்தரவுதான். டாக்டர் முன்னால் அவர் பொய் சொல்ல மாட்டார், மற்றவர்களைச் சொல்லவும் விட மாட்டார். பீடியை அடியோடு விட்டுவிட்டதாக அப்பா டாக்டரிடம் பெருமையாகச் சொன்னபோது, பின்னால் கூடையோடு நின்றிருந்த அண்ணன், "இல்ல டாக்டர், காலைலகூட கொல்லையில நின்னு குடிச்சாரு" என்றார். இனிப்புப் பக்கமே போவதில்லை என்று சித்தப்பா சொன்னபோது, "இல்ல டாக்டர், ஞாயித்துக்கெழம கல்யாணத்துல ஜாங்கிரி சாப்ட்டாரு, நான்தான் பக்கத்து எலையில இருந்தேன்" என்றார். அந்த "இல்ல டாக்டர்" காதில் விழுந்தாலே எங்களுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா அவரோடு பேசமாட்டார். அண்ணனுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. "அவருக்கு உண்மை தெரியாம மருந்து எழுதினா யாருக்கு கெடுதல்?" என்று கேட்பார்.

அப்படிப்பட்டவருக்கே உடம்புக்கு வந்தபோது யாரைக் கூப்பிடுவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அது ஒரே நாளில் வந்ததல்ல. சாப்பாடு குறைந்தது. சட்டை தொளதொளவென்று ஆனது. ஷிப்டுக்குப் போவதும் போகாததுமாக இருந்து, பிறகு போகாமலே இருந்தார். விடிய விடியக் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அண்ணி சொன்னார். காரணம் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள், ஆளுக்கொரு காரணத்தை அவர்களே சொல்லவும் செய்தார்கள். கம்பெனியில் ஆளைக் குறைக்கிறார்களாம், அதுதான் என்றார் ஒருவர். கண் பட்டிருக்கும் என்றார் இன்னொருவர். அண்ணி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். நான் என் பங்குக்குச் சத்து டானிக் வாங்கிக் கொடுத்தேன். அந்த பாட்டில் மூடி திறக்காமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தது. அண்ணனைக் கேட்டால், "ஒண்ணுமில்ல பாப்பா, கொஞ்சம் அசதி" என்பார். பாப்பா என்பது நான்தான். தலை பாதி நரைத்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

நான் டவுனில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலை பார்க்கிறேன். அது முகூர்த்த மாதம். கல்யாணப் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. மத்தியானம் நெருங்கும்போது அண்ணியிடமிருந்து போன் வந்தது. குரலில் பதற்றம் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் சந்தோஷமாகவே பேசினார்.

"உங்க அண்ணன் இன்னிக்கி ஒரு நல்ல காரியம் செஞ்சாரும்மா. அந்தக் கூடைய எடுத்து, பிளாஸ்க்க தேச்சி கழுவி, போர்வைய தொவச்சி காயவெச்சி மடிச்சி, எல்லாத்தையும் அடுக்கி எங்கிட்ட குடுத்துட்டாரு. இனிமே யாருக்கு என்னான்னாலும் நீ பாத்துக்க, இல்லன்னா பாப்பாகிட்ட குடுத்துடுன்னாரு. அப்பாடா, இனிமேலாவது ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ஓடாம வீட்ல இருப்பாரு."

அண்ணியைக் குறை சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கூடையோடு மல்லுக்கட்டியவர் அவர். பொங்கல் பானை பொங்கும்போது கூடையைத் தூக்கிக்கொண்டு போன புருஷன், ஒரு நாள் அதைத் தானாகவே கொண்டுவந்து கையில் கொடுத்தால் யாருக்குத்தான் நிம்மதியாக இருக்காது? ஆனால் நான் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். அண்ணன் கூடையை விட்டுவிட்டாரென்றால் வேறு எதையோ விடப்போகிறார் என்று பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் அவருடைய தங்கச்சி, அவ்வளவுதான்.

"அண்ணி, அவரு எங்க இருக்காரு இப்ப?"

"கொல்லையில தொவைக்கிற கல்லு மேல உக்காந்துருக்காரு."

"நான் வர வரைக்கும் நீங்களும் அங்கயே உக்காருங்க. அவர விட்டு நகராதீங்க."

"ஏம்மா?"

"சும்மாதான். நகராதீங்க அண்ணி."

முதலாளியிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில்தான் ஒரு மனநல டாக்டரின் போர்டு இருக்கிறது. எத்தனையோ வருஷமாக அதைக் கடந்து போயிருக்கிறேன், கீழே எழுதியிருக்கும் நேரத்தை மட்டும் படித்ததே இல்லை. படிக்கத் தேவைப்படாதவரை யார் படிக்கிறார்கள்? ஷட்டர் இறங்கியிருந்தது. மாலை ஐந்து மணிக்கு மேல் என்று போட்டிருந்தது. வாசலைக் கழுவிக்கொண்டிருந்த ஆயா, "டோக்கனே நாலு மணிக்குதான் போடுவாங்க, இப்ப என்னாத்துக்கு வந்த?" என்றார்.

எங்கள் ஊர் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மத்தியானம் ஒரு மணி ஆனால் கடைத்தெரு முழுக்க ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடும். உயிர் போகிறது என்றாலும் சாயங்காலம் வந்து போகச் சொல்வார்கள். பாதி ஷட்டரை இறக்கிவிட்டிருந்த மருந்துக்கடைக்காரரிடம், தூங்குவதற்கு ஏதாவது மாத்திரை கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். "சீட்டு இல்லாம குடுக்கக் கூடாதுக்கா. டாக்டர பாத்துட்டு வாங்க" என்று குனிந்து மீதி ஷட்டரையும் இறக்கினார். ஓர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். மனநல ஓ.பி. மத்தியானத்தோடு முடிந்துவிட்டது, நாளைக் காலையில் அழைத்து வாருங்கள் என்றார்கள். யாரும் தப்பாக எதையும் சொல்லவில்லை. எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள். அதுதான் ஆளைச் சோர வைத்தது. யார் மேலாவது தப்பிருந்தால் நின்று கத்தித் தீர்த்திருக்கலாம்.

வண்டியை ஒரு வேப்பமரத்து நிழலில் நிறுத்தினேன். எங்கள் அச்சகத்திலேயே ஒரு தடவை ஒரு துண்டறிக்கை அடித்திருந்தோம். மனசு சரியில்லாதவர்கள், அவர்கள் வீட்டார் யாராக இருந்தாலும் எந்நேரமும் கூப்பிடலாம் என்று ஓர் உதவி எண். சின்ன எண் என்பதால் மனதில் தங்கியிருந்தது. அடித்தேன். தமிழுக்கு இதை அழுத்து, அதற்கு அதை அழுத்து என்று மெஷின் சொல்லச் சொல்ல அழுத்தினேன். பிறகு பாட்டு ஓடியது. அந்த வெயிலில் அந்தப் பாட்டு. போனைத் தூக்கி வாய்க்காலில் எறிந்துவிடலாமா என்றிருந்தது.

ஒரு பெண் பேசினார். பல பேரிடம் பேசிப் பேசிக் களைத்த குரல். நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"அவருக்கு சாகணும்னு நெனப்பு இருக்குதான்னு கேட்டீங்களாம்மா?"

"அதெப்படிங்க கேக்கறது? கேட்டு, இல்லாத நெனப்ப நானே கௌப்பிவுட்டுட்டா?"

"கேக்கறதால அந்த நெனப்பு வராதும்மா. யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் பல பேரு இருப்பாங்க. நேரா கேளுங்க. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, இன்னிக்கே கேஷுவாலிட்டிக்கு கூட்டிட்டு போங்க."

"கேஷுவாலிட்டிக்கா? அடிகிடி ஒண்ணும் படலைங்களே."

"இதுவும் அவசரந்தாம்மா. அங்க எந்நேரமும் டாக்டர் இருப்பாங்க. மனநல டாக்டர அவங்களே கூப்புடுவாங்க. சாயந்தரம் வரைக்கும் காத்திருக்க வேணாம்."

எத்தனை தடவை கேஷுவாலிட்டி வாசலில் நின்றிருக்கிறோம். மாரடைப்புக்கு நின்றிருக்கிறோம், பாம்புக்கடிக்கு நின்றிருக்கிறோம். இதற்கும் அதுதான் வாசல் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "வரமாட்டேன்னு சொன்னா?" என்று சிடுசிடுத்தேன்.

"யார் சொன்னா கேப்பாரு?"

"யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு. வேற யாருக்காவது ஒண்ணுன்னாதான் அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்கு கெளம்புவாரு."

முடியாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், மறுபடி எங்களையும் கூப்பிடுங்கள் என்றார் அவர். நான் சொன்னது எனக்கே உறைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

அண்ணி சொன்ன சொல் தவறாமல் கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் துவைக்கிற கல்மேல். முகத்தை மழித்துச் சுத்தமாக இருந்தார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"என்னா பாப்பா இந்நேரத்துல? வேலைக்கு போவல?"

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. செத்துடலாம்னு தோணுதா ஒனக்கு?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"தோணுது" என்றார். காலாப்பட்டு பஸ் போய்விட்டதா என்று கேட்டால் சொல்வாரே, அந்த மாதிரி சொன்னார். "சாவணும்னு ஆச இல்ல பாப்பா. இந்தத் தலைய கழட்டி ஒரு ஓரமா வெச்சிட்டு செத்த நேரம் படுத்தா தேவலாம். அது முடியலையே."

எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. கூடவே ஒரு விதமான ஆறுதலும் வந்தது. சொல்லிவிட்டார் அல்லவா.

"கெளம்புண்ணா, ஆஸ்பத்திரிக்கு போலாம்."

"எனக்கு என்னா, ஜொரமா? காலு ஒடஞ்சிருக்கா? எந்த வார்டுல கொண்டுபோய் வுடுவாங்கன்னு எனக்கு தெரியும். அந்தப் பக்கம் போறவங்கள மத்தவங்க எப்புடி பாக்கறாங்கன்னும் தெரியும். நானே பாத்துருக்கேன். எம் பொண்ணுக்கு மாப்ள பாக்க வேணாமா? பேசாம போ பாப்பா."

அண்ணி அழுதார், காலைப் பிடித்தார். "நீ போய் சாப்புடு, மணி ஆயிடுச்சி" என்றார் அண்ணன், அவ்வளவு சாந்தமாக. நான் கத்தினேன். எங்கள் வீட்டில் யாரும் அண்ணனைப் பார்த்துக் கத்தியதில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார், சிரிப்பு வரவில்லை. பழைய அண்ணனாக இருந்தால் ஒரு அதட்டலில் என்னை உட்கார வைத்திருப்பார்.

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை, வெயிலில் வண்டி ஓட்டி வந்திருக்கிறேன், கத்தி வேறு முடித்திருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அது பொய்யில்லை. அப்போதுதான், வேப்பமரத்தடியில் நானே போனில் சொன்னது எனக்கு உறைத்தது.

"அண்ணா" என்றேன். "எனக்கு நெஞ்சு படபடன்னு வருது."

அண்ணன் தலையைத் தூக்கினார்.

"வலிக்குதா? கைக்கு இழுக்குதா? வேக்குதா?"

"வேக்குது. ஒரு மாதிரியா வருதுண்ணா."

கல்லைவிட்டு எழுந்தார். எழுந்ததும் கொஞ்சம் தடுமாறினார், எத்தனை நாள் பட்டினியோ. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "காலைல என்னா சாப்ட்ட? ஒண்ணுமில்லையா? ஆட்டோ கூப்புடு" என்று அண்ணியிடம் திரும்பினார். "அந்தக் கூடைய எடு."

அண்ணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் ஓடினார்.

ஆட்டோவில் அண்ணன் என் கையை விடவே இல்லை. "பேசாத, மூச்ச மெதுவா வுடு, ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மடியில் கூடை. அந்தப் பக்கம் அண்ணி முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு வந்தார். எனக்கு ஏமாற்றுகிற வெட்கமும் இருந்தது, சிரிப்பும் முட்டியது, அழுகையும் முட்டியது. இன்னொரு தடவை அப்படி ஒரு மத்தியானம் வந்தால் இதையேதான் செய்வேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆட்டோவை எந்த வாசலுக்கு விட வேண்டும் என்று அண்ணன்தான் சொன்னார். அங்கே போனதும் அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "என் தங்கச்சி, நெஞ்சு படபடப்பு, வெறும் வயிறு" என்று நர்ஸிடம் சுருக்கமாகச் சொன்னார். ஆட்டோ வருவதற்குள், அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோதே நானும் அண்ணியும் கிசுகிசுவென்று ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். அண்ணி தனியாகப் போய் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டியது. ஆனால் வாசலில் இருந்த செக்யூரிட்டி, "பேஷண்ட் கூட ஒருத்தர்தான்" என்று கையை நீட்டிவிட்டார். கூட வருகிற அந்த ஒருத்தர் எங்கள் வீட்டில் யார் என்பதில் என்றைக்கும் சந்தேகமே வந்ததில்லை. அண்ணன் உள்ளே வந்தார். அண்ணி வெளியே நின்றுவிட்டார்.

என்னைக் கட்டிலில் படுக்க வைத்து ஜில்லென்று எதையோ தடவி, இ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சிலும் கையிலும் காலிலும் ஒயரை மாட்டிக்கொண்டு, ஒரு நோயும் இல்லாமல் நான் படுத்திருந்தேன். திரைக்குப் பின்னால் திரும்பி நின்றிருந்த அண்ணன் அது முடிந்ததும் தலைமாட்டில் வந்து நின்றுகொண்டார். டீ வாங்கி வா என்றேன், வெறும் வயிற்றில் டீ கூடாது என்றார். பிஸ்கட் வாங்கி வா என்றேன், டாக்டர் பார்க்காமல் எதையும் சாப்பிடக் கூடாது என்றார். அவ்வளவு பொறுப்பானவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டாக்டர் சின்னப் பெண். தூங்காத கண். "இ.சி.ஜி. நல்லா இருக்கும்மா, பயப்பட வேண்டாம்" என்றார். நான் கண்ணாலேயே அண்ணன் பக்கம் காட்டினேன். "கண்ணுல ஏதாவது விழுந்துருக்கா?" என்று கேட்டார். பிறகு, "வீட்டுல ஏதாவது டென்ஷனா? நல்லா தூங்கறீங்களா?" என்றார்.

வேறு வழி தெரியவில்லை. சொல்ல ஆரம்பித்தேன்.

"தூக்கமே இல்ல டாக்டர். ரொம்ப நாளா. விடியற வரைக்கும் கொல்லையில உக்காந்துருக்கேன். சோறு மண்ணு மாதிரி இருக்குது. வேலைக்கு போவ காலு வரல. இந்தத் தலைய கழட்டி ஒரு ஓரமா வெச்சிட்டு செத்த நேரம் படுத்தா தேவலாம்னு இருக்குது."

தலைமாட்டில் கூடைக்குள் எதையோ அடுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

டாக்டர் பேனாவை மூடினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டார்.

"தோணுது டாக்டர்" என்றேன். நடிப்புக்குச் சொன்னதுதான். ஆனாலும் அது வாயிலிருந்து வெளியே வந்தபோது எனக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு தடவை சொல்வதற்கே இப்படி என்றால், இதை இத்தனை நாளாக ஒருவர் உள்ளே வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறார்.

டாக்டர் எனக்குப் பின்னால் பார்த்தார். "நீங்க அண்ணன்தானே? வீட்டுல பக்கத்துல இருந்து பாக்கறீங்களா? இவங்க சொல்றதெல்லாம் சரிதானா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இல்ல டாக்டர்" என்றார் அண்ணன்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

"இவ பொய் சொல்றா டாக்டர். இவ படுத்தா கொறட்ட வுட்டு தூங்குவா. தூங்காதவன் நான். இவ சொன்னதெல்லாம் என் கத." மூச்சு வாங்கினார். "கடைசியா கேட்டீங்களே, அதுவும் எனக்குதான்."

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து அண்ணனின் தோளைத் தொட்டு, "உக்காருங்க சார்" என்றார். நான் கட்டிலைவிட்டு இறங்கினேன். அண்ணன் கூடையை என்னிடம் நீட்டினார். "புடி" என்றார். இத்தனை வருஷமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர், கட்டிலில் படுத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எந்தப் பக்கம் தலை வைப்பது என்று கூடத் தெரியாமல் நின்றார். நான் தலையணையைத் தட்டிப் போட்டேன். அவர் படுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். நான் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். அண்ணி எப்படியோ செக்யூரிட்டியை ஏமாற்றிவிட்டு உள்ளே வந்து சேர்ந்தார்.

டூட்டியில் இருந்த மனநல டாக்டர் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தவர் அவசரப்படாமல் கேட்டார். அண்ணனும் சொன்னார், கூட்டாமல் குறைக்காமல், அப்பாவின் பீடியைச் சொன்ன மாதிரியே. அட்மிட் செய்தார்கள். எந்நேரமும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கக் கிளம்பினேன், எங்கே போவது என்று தெரியாமல் நடையிலேயே நின்றேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது. "கேண்டீன் வேணாம் பாப்பா, அது கழனித்தண்ணி. மெயின் கேட்டுக்கு எதுர்ல ரெண்டாவது கடை. கூடைக்காரர் அனுப்பினாருன்னு சொல்லு."

அதன் பிறகு எல்லாம் சட்டென்று சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. முதலில் தூக்கம் வந்தது. சாப்பாடு மெதுவாக வந்தது. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாய் வறண்டு, கை நடுங்கி, அதை மாற்றினார்கள். எந்த வார்டு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட சொந்தக்காரர்கள் சிலர் வந்து பார்க்காமலே இருந்தார்கள். அவர்கள் வீட்டு ஆட்களுக்கெல்லாம் அண்ணன் தரையில் செய்தித்தாள் விரித்துப் படுத்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது டாக்டரிடம் காட்டப் போகும்போது கூடையைத் தூக்குவது நான். அச்சகத்தில் லீவு சொல்லி, பஸ்ஸில் நின்று, ஓ.பி. பெஞ்சில் பாதி நாள் உட்கார்ந்து, பெயர் கூப்பிடும்போது கண்ணயர்ந்து, மருந்து வாங்கும் வரிசையில் முழங்கால் வலிக்க நின்று, திரும்பி வந்து சோறு வடிக்க வேண்டும். கூட இருப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று அண்ணன் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

போன தடவை டாக்டர், "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா தூங்கறேன் டாக்டர்" என்றார் அண்ணன்.

பின்னால் கூடையோடு நின்றிருந்த நான் சும்மா இருக்கவில்லை. "இல்ல டாக்டர், நடுவுல எழுந்து கொல்லையில உலாத்தறாருன்னு அண்ணி சொன்னாங்க" என்றேன்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பீடி விஷயத்தில் அப்பா பார்த்த அதே பார்வை. டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே, "அந்த நெனப்பு வருதா இப்ப?" என்றார்.

"வரதில்லைங்க."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. பீடியைக் கண்ணால் பார்க்கலாம், ஜாங்கிரியைப் பார்க்கலாம். இதை எங்கிருந்து பார்ப்பது? கூடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயம், அன்றைக்குக் கொல்லையில் இருந்த பயத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. டாக்டர் மறுபடி எழுதக் குனிந்தார்.

"இல்ல டாக்டர்" என்றார் அண்ணன்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார்.

"வியாழக்கெழம ஒரு தடவ வந்துச்சி. ஊட்டுக்காரிய எழுப்பி பக்கத்துல உக்கார வெச்சிக்கிட்டேன். செத்த நேரம் இருந்துட்டு போயிடுச்சி."

டாக்டர் அவரிடம் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். ஒரு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். அடுத்து எப்போது வர வேண்டும் என்று சொன்னார். வெளியே வந்ததும் அண்ணன் என்னோடு பேசாமல் முன்னால் நடந்தார். வாசல் வரை போய்த்தான் வாயைத் திறந்தார்.

"அப்பா ஏன் எம்மேல அவ்ளோ கோவப்பட்டாருன்னு இப்பதான் பாப்பா தெரியுது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட இல்லை, அப்படியே படுத்தேன். குறட்டை விட்டுத் தூங்கினேனாம், என் வீட்டுக்காரர் சொன்னார்.